படம் எடுத்தது எந்த வருஷம்? ராயபுரம் கடற்கரையில் ஒரு துப்பறியும் வேலை!

சுவரில் ஒரு பழைய போட்டோ தொங்குகிறது. கறுப்புச் சட்டம். பழுப்பேறிய காகிதம். கடலும், மணலும், நாலைந்து படகுகளும் தெரிகின்றன.

"இது ராயபுரம் கடற்கரை" என்கிறார் தாத்தா.

"எந்த வருஷம் தாத்தா?" என்று பேரன் கேட்கிறான்.

தாத்தா தலையைச் சொறிகிறார். "எங்க அப்பா காலத்துப் படம்டா!" என்கிறார்.

இப்படி எத்தனையோ வீடுகள்! படம் இருக்கிறது. ஆனால் எடுத்த நாள் தெரியாது. ஆனாலும் கவலை வேண்டாம். படமே தன் வயதைச் சொல்லும். சொல்ல வைக்கும் வழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!

இரண்டு கதவுகள்

படத்தின் வயதைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும்.

ஒன்று: "இது எந்த ஆண்டுக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது?"

இரண்டு: "இது எந்த ஆண்டுக்குப் பின்னால் எடுத்திருக்க முடியாது?"

இந்த இரண்டும் இரண்டு கதவுகள் மாதிரி. இரண்டையும் நெருக்கி மூடிக்கொண்டே வந்தால், நடுவில் ஆண்டு சிக்கிக்கொள்ளும்.

ஓர் உதாரணம் பாருங்கள். சென்னையில் மின்சார டிராம் வண்டி 1895-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. 1953-ம் ஆண்டு நின்றுவிட்டது. தெருவில் டிராம் ஓடுகிற படமா? அப்படியானால் அது 1895-க்கு முன்னால் இல்லை. 1953-க்குப் பின்னாலும் இல்லை. ஒரே துப்பில் இரண்டு கதவும் மூடிவிட்டது!

ரெயில் பெட்டி சொல்லும் சேதி

ராயபுரம் ரெயில் நிலையத்தை எல்லோரும் அறிவார்கள். 1856-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ந் தேதி முதல் வாலாஜா ரோடு வரை ரெயில் ஓடியது. தென்னாட்டில் ஓடிய முதல் பயணிகள் ரெயில் அதுதான்.

திறப்பு விழா நாளைக் காட்டும் பத்திரிகைப் படம் உங்கள் கையில் கிடைத்தால், அது போட்டோ என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் போட்டோவை அப்படியே பத்திரிகையில் அச்சிடும் வசதி கிடையாது. சித்திரக்காரர் வரைவார். அதை மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பார்கள்.

நிலையத்தின் முன்னால் ரெயில் பெட்டி நிற்கிறதா? பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதலில் அது "மெட்ராஸ் ரெயில்வே". 1908-ல் அது "மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரெயில்வே" ஆயிற்று. 1951-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தெற்கு ரெயில்வே பிறந்தது. எம்.எஸ்.எம். என்ற எழுத்து தெரிந்தால், 1908-க்கு முன்னால் எடுத்த படம் அல்ல.

1951-க்குப் பின்னால் எடுத்திருக்க முடியாது என்றும் சொல்லலாமா? அவசரப்படக்கூடாது! பெயர் மாறிய அன்றே எல்லாப் பெட்டிக்கும் புது வர்ணம் பூசியிருப்பார்களா? பழைய எழுத்தோடு சில பெட்டிகள் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஒரு பொருள் வந்த நாள் உறுதியான சாட்சி. போன நாள் அவ்வளவு உறுதியான சாட்சி அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்டன் குண்டு போட்ட நாள்

சில படங்களுக்கு வருஷம் மட்டுமல்ல, நாளே கிடைத்துவிடும்.

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சத்தமில்லாமல் சென்னைக் கடலுக்குள் வந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு மழை பொழிந்தது. தொட்டிகள் பற்றி எரிந்தன. பட்டணமே நடுங்கியது. "அவன் பெரிய எம்டன்!" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பேச்சு அப்போது வந்ததுதான்.

எரியும் தொட்டிகளைக் காட்டும் படம் இருக்கிறது. கரும்புகை வானத்தை மறைக்கிறது. படத்தின் கீழே "செப்டம்பர் 22" என்று எழுதத் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். எம்டன் வந்தது இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு. படத்தில் இருப்பதோ பட்டப்பகல்! ஆகவே, படம் எடுத்தது 23-ந் தேதி அல்லது அதற்குப் பிறகுதான். வெளிச்சமும் சாட்சி சொல்கிறது பாருங்கள்!

நிழலும் நிலாவும்

நிழலைக் கொண்டு மாதத்தைக்கூடச் சொல்லலாம்.

சென்னையில் வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் நடுப்பகல் சூரியன் கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும். நிழல் வடக்கே விழும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடு வரையில் மட்டும் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அப்போது நிழல் தெற்கே விழும். ஆகவே, நடுப்பகல் படத்தில் கொடிமரத்தின் நிழல் தெற்கே விழுந்தால், அது அந்த நாலு மாதத்துக்குள் எடுத்த படம்.

அமெரிக்காவில் இப்படி ஒரு வேடிக்கை நடந்தது. ஆன்சல் ஆடம்ஸ் என்பவர் புகழ்பெற்ற போட்டோக்காரர். நியூ மெக்சிகோவில் ஒரு சிறு கிராமத்தின் மேல் நிலா எழுவதைப் படம் எடுத்தார். உலகமே அந்தப் படத்தைக் கொண்டாடியது. ஆனால் எடுத்தவருக்கே நாள் மறந்துவிட்டது! ஒரு தடவை ஒரு வருஷம் சொல்வார், மறு தடவை வேறு வருஷம் சொல்வார். வான சாஸ்திரம் தெரிந்தவர்கள் நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1941-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாலை 4 மணி 49 நிமிடம் என்று சொல்லிவிட்டார்கள்!

எடுத்தவர் மறந்தாலும் நிலா மறக்கவில்லை.

கடல் தின்ற மணல்

இப்போது நம் தாத்தா வீட்டுப் படத்துக்கு வருவோம். அதில் டிராம் இல்லை. ரெயில் இல்லை. மணல்தான் இருக்கிறது. அகலமான மணல்!

அந்த மணலே பெரிய துப்பு.

1861-ல் சென்னைக் கடலில் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் கட்டினார்கள். அதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஜனங்களும் சாமான்களும் மசூலாப் படகில் அலை மேல் தாவித் தாவிக் கரைக்கு வரவேண்டும். பிறகு 1876-ல் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881-ல் வந்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள்.

அந்தச் சுவர் கடலுக்குள் நீண்டதும் விபரீதம் ஆரம்பித்தது. நம் கரையோரமாக அலைகள் வருஷா வருஷம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சுவர் அந்த மணலைத் தடுத்து நிறுத்தியது. தெற்கே மணல் குவிந்தது. நாம் காற்று வாங்கும் மெரினா அகலமானது அதனால்தான். வடக்கேயோ புது மணல் வரவில்லை. உள்ள மணலைக் கடல் அரித்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாகக் கரை தேய்ந்தது. குப்பங்களில் வீடுகள் போயின. கோயில்கள் போயின. வலை உலர்த்திய மணல் போயிற்று.

கரையைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் பிறகு வந்தன. ஆகவே, கரையில் கருங்கல் இல்லாமல் அகலமான மணல் தெரிந்தால் அது மிகப் பழைய படம் என்று ஊகிக்கலாம். எண்ணூர்ப் பக்கத்துப் படத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தால் அது புதிய காலம். அந்த நிலையம் 1970-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 2017-ல் மூடப்பட்டது.

அலையைப் பார்த்தும் ஊகிக்கலாம். பழைய காமிராவுக்குப் படம் பதிய அதிக நேரம் வேண்டும். அதனால் அலை பனிமூட்டம் போல மங்கிவிடும். 1880 சுமாரில் வேகமான கண்ணாடித் தகடுகள் பரவின. அலை நுரை தெளிவாக விழுந்திருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிந்திய படம்.

ஏன் இவ்வளவு பாடு?

"வருஷம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கலாம்.

நிறைய ஆகும்! வருஷம் தெரியாத படம் வெறும் அழகுப் படம். வருஷம் தெரிந்த படம் சாட்சி. "இந்த ஆண்டில் இந்த இடத்தில் கரை இவ்வளவு அகலம் இருந்தது" என்று அது சொல்லும். இன்றைய கரையை அளந்து பார்த்தால், எத்தனை ஆண்டில் எவ்வளவு மண் போயிற்று என்று கணக்கு வந்துவிடும். "எங்கள் ஊர் இங்கேதான் இருந்தது" என்று ஒரு மீனவர் கடலைக் காட்டிச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கலாம். வருஷம் எழுதிய படத்தைக் காட்டினால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் உள்ள பழைய படங்களை இந்த ஞாயிற்றுக்கிழமையே வெளியே எடுங்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். தபால் முத்திரை இருக்கலாம். ஆனால் அட்டை அச்சிட்ட வருஷம் வேறு, படம் எடுத்த வருஷம் வேறு என்பதை மறக்க வேண்டாம்.

படத்தில் மோட்டார் வண்டி இருந்தால் நம்பரைப் பாருங்கள். டி.என். என்று தொடங்கி, அடுத்து உடனே எண் வந்தால் 1989-க்கு முன் எடுத்த படம் அல்ல.

பிறகு பாட்டியிடம் கேளுங்கள். "வருஷம் என்ன?" என்று கேட்டால் பாட்டிக்குத் தெரியாது. "இந்தப் படம் எடுத்தபோது அத்தைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சித்தப்பா பிறந்துவிட்டாரா?" என்று கேளுங்கள். பதில் டாண் டாண் என்று வரும். இரண்டு கதவும் மூடிவிடும்!

கண்டுபிடித்ததைப் படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படம் கெட்டுவிடும். இன்று செல்போனில் எடுக்கும் படங்களிலும் நல்ல நாலைந்தைக் காகிதத்தில் போட்டு, ஊரும் நாளும் எழுதி வையுங்கள்.

கடல் மண்ணைத் திருப்பித் தராது. ஆனால் அந்த மண் எங்கே இருந்தது என்பதை ஒரு சின்னப் படம் சொல்லும். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்!