நாயும் நாலு வீடும்

நாய் வளர்ப்பதில் நமக்குப் பிரியம் அதிகம். நமது ராஜபாளையத்து நாயை யாராவது புகழ்ந்து பேசினால், சொந்தப் பிள்ளை பரீட்சையில் முதலாவதாகத் தேறியது போலப் பூரித்துப் போவோம். "பரம சாது; ஒன்றும் செய்யாது" என்று தெருவிலுள்ளோருக்கெல்லாம் நாமே நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்து வந்தோம். அந்தப் பத்திரத்தின் யோக்கியதை சென்ற வருஷந்தான் நமக்கு விளங்கிற்று.

நமது வகுப்பில் ஒரு பையன் தினந்தோறும் பத்து நிமிஷம் தாமதமாக வந்து கொண்டிருந்தான். இரண்டு வாரம் அவனை வாசலிலேயே நிற்க வைத்தோம். காரணம் கேட்டால் தலையைக் குனிந்து கொள்வான். கடைசியில் அவன் தாயார் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்கள் தெரு வழியாக வந்தால் நேரத்தோடு வந்துவிடுவான், ஸார். நாய்க்குப் பயந்து சுற்றிக் கொண்டு வருகிறான்."

"யாருடைய நாய்?" என்று அதிகாரத்தோடு கேட்டோம். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில், எல்லாப் பையன்களுக்கும் எதிரிலே, தவறு நம்முடையதே என்று ஒப்புக்கொண்டோம். நமது நாய் ஒருவரையும் கடித்ததில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் வழியை மறித்துவிட்டது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் பக்கத்து ஊர்களின் பெயரையே தாங்கிய நாய்கள் இருப்பது நமக்குப் பெருமைதான். ராஜபாளையத்து நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியாயிற்று. ஆனால் இவை தோட்டங்காத்து, திறந்த வெளியில் ஓடி வேட்டையாடிய ஜாதிகள். மாசி வீதிகளை அடுத்த சந்துகளில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் பகல் முழுவதும் கட்டிப் போட்டால், அது இரவெல்லாம் குரைக்காமல் என்ன செய்யும்? எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயைத் தக்கபடி நடக்கவோ ஓடவோ விடாமலிருப்பது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். கொழுகொழுவென்ற குட்டியை ஆசையாய் வாங்கி, வளர்ந்தபின் வைகைக் கரையில் பட்டினி கிடக்க விட்டுவிட்டு வருவதும் அப்படியே.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வெறிநாய்க்கடி. 1885-ல் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பு முறை கண்டார். 1907-ல் நம் குன்னூரிலேயே அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. இருந்தும், நோயின் குறி தோன்றிய பிறகு பிழைப்பது மிக மிக அபூர்வம். ஆகவே, மிருக வைத்தியர் சொல்லும் தவணை தவறாமல் நாய்க்கு ஊசி போட வேண்டியது வளர்ப்பவரின் கடமை. கடிபட்டால் புண்ணைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'வீட்டு நாய்தானே' என்று சுண்ணாம்பைத் தடவிக் கொண்டு உட்கார்ந்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

1926-ல் அகமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர் 60 தெரு நாய்களைக் கொல்லச் செய்து, பிறகு மகாத்மா காந்தியிடம் அபிப்பிராயம் கேட்டார். காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் பல வாரங்கள் அதைப் பற்றி எழுதினார். தெருவில் திரியும் நாய்க்கு எச்சிற் சோற்றை எறிந்துவிட்டு அதை ஜீவகாருண்யமென்று எண்ணுவதை அவர் ஒப்பவில்லை. நாய்க்கு யஜமானன் ஒருவன் வேண்டும், அவன் அதன் பொறுப்பு முழுவதையும் ஏற்க வேண்டும் என்பதே அவர் கருத்து. கொன்றதை அவர் ஆட்சேபிக்காதது அன்று பெரிய விவாதத்தைக் கிளப்பிற்று. இன்று தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியுமே நம் நாட்டின் சட்ட முறை. ஆனால் பொறுப்பைப் பற்றி அவர் சொன்னது இன்றும் பொருந்துகிறது.

இப்போது நாம் விடியுமுன் கையில் வாரும், பழைய காகிதமுமாகப் புறப்படுகிறோம். அண்டை வீட்டு அம்மாள் கோலப் பொடியை எடுத்துக் கொண்டு வெளியே வருமுன், நம் நாய் செய்த அசுத்தத்தை நாமே அள்ளிவிடுகிறோம். பி.ஏ. பட்டத்துக்கு இதனால் ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

அந்தப் பையன் நமது தெரு வழியாகவே வருகிறான். ஆனாலும், நம் வாசல் வந்ததும் சற்று வேகமாக நடக்கிறான். ஒரு குழந்தையின் மனத்தில் பயத்தை உண்டாக்க ஒரு நாள் போதும். போக்குவதற்கு எத்தனை நாள் ஆகுமோ, காத்திருக்கிறோம்.