காற்று திசை மாறும் புரட்டாசி: கோலார் தங்கவயலில் தூசிக் காலம் ஓய்ந்து மழைக் காலம் வருவது எப்படி?

கோலார் தங்கவயல் (கர்நாடகா): ஆடி மாதத்தில் ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃப்பிலும் சன்னல்களைத் திறந்து வைப்பவர்கள் குறைவு. மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று, கைவிடப்பட்ட சுரங்கங்களை ஒட்டி நிற்கும் கழிவு மேடுகளிலிருந்து வெண்சாம்பல் நிறத் தூளை வாரிக்கொண்டு வந்து வீடுகளுக்குள் கொட்டுகிறது. புரட்டாசி பிறந்து சில வாரங்களில் அதே காற்று தளர்கிறது. மாலை நேர இடிமழை தொடங்குகிறது. ஐப்பசியில் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. தங்கவயல் மக்களைப் பொறுத்தவரை கோடை முடிந்ததற்கான அடையாளம் வெப்பமானியில் தெரிவதில்லை, காற்றில்தான் தெரிகிறது.

கோடைக்கு அடுத்து வருவதை 'இலையுதிர் காலம்' என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. இச்சொல் மித வெப்ப மண்டல நாடுகளின் பருவத்திற்கே பொருந்தும். தங்கவயலைச் சுற்றியுள்ள வறண்ட காடுகளில் பெரும்பாலான மரங்கள் இலை உதிர்ப்பது தை, மாசி மாதங்களில்தான். தமிழ் மரபின் ஆறு பருவங்களில் ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கிழக்குக் கர்நாடகத்தின் வானிலைக்கு இந்தப் பகுப்பே நெருக்கமாகப் பொருந்துகிறது.

காற்று ஏன் திரும்புகிறது?

செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்கிறது. அதன் பின் வட இந்திய நிலப்பரப்பு விரைவாகக் குளிர்கிறது. கடல் அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. கோடையில் வடமேற்கு இந்தியாவில் உருவாகி, அரபிக் கடல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு வலுவிழக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று படிப்படியாக விலகி, அக்டோபர் நடுப்பகுதியில் நாட்டை விட்டு வெளியேறுகிறது. தாழ்வழுத்தம் தெற்கு வங்கக் கடலுக்கு இடம்பெயர, காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையால் பயன்பெறும் பகுதிகளாக இந்திய வானிலை ஆய்வு மையம் கணக்கிடும் ஐந்து வானிலை உட்பிரிவுகளில், தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை ஆகியவற்றுடன் தெற்கு உள் கர்நாடகமும் ஒன்று. கோலார் மாவட்டம் இதற்குள் அடங்குகிறது.

ஜூன், ஜூலை மாதங்களில் தங்கவயலுக்குக் காற்று வருகிறது, மழை அதிகம் வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இழந்த காற்று, பீடபூமியைக் கடந்து இங்கு சேரும்போது வறண்டிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் அமைந்த இத்திறந்த மேட்டு நிலத்தில் அதன் வேகத்தைத் தடுக்க மலைகளும் அதிகமில்லை. ஆகவே ஆண்டு மழையில் பெரும்பங்கு செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே பெய்கிறது.

மேடுகளில் இருப்பது என்ன?

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு வந்தது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறையை உடைத்தனர். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மேலே பருவம் மாறினாலும் கீழே என்றும் கோடைதான்.

வெட்டியெடுத்த பாறை மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலால் தங்கம் பிரிக்கப்பட்டது. எஞ்சிய தூள் குவிக்கப்பட்ட இடங்களே உள்ளூரில் 'சயனைடு மேடு' எனப்படும் 13 குன்றுகள். மொத்தப் பரப்பு ஆயிரம் ஏக்கருக்கு மேல்; கழிவின் எடை சுமார் 3.3 கோடி டன்.

பெயர் சயனைடு என்றாலும், அச்சத்திற்குரியது அது மட்டும் அல்ல. சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடக்கூடியது. அரைக்கப்பட்ட குவார்ட்ஸ் பாறையின் சிலிக்கா சிதைவதில்லை. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் 1934-இல் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். சுரங்கத்தின் உள்ளே சுவாசிக்கும் தூசியின் அடர்த்தியும் திறந்த வெளியில் பறக்கும் தூசியின் அடர்த்தியும் ஒன்றல்ல. ஆனால் சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரியவர்கள். மேட்டுத் தூசி குழந்தைகள் மீதும் படிகிறது.

மழை வந்ததும் தூள் நனைந்து மேலே ஒரு மெல்லிய ஓடு போல இறுகுகிறது. காற்றால் அதைக் கிளப்ப முடிவதில்லை. தூசி ஓய்கிறது. ஆனால் சிக்கல் தீர்வதில்லை, வழி மாறுகிறது. செடிகொடிகள் வேரூன்றாத சரிவுகளில் கனமழை ஆழமான ஓடைகளை அறுக்கிறது. குழம்பாகக் கரைந்த கழிவு தாழ்வான நிலங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் செல்கிறது. கழிவிலுள்ள கந்தகக் கனிமங்கள் நீரும் காற்றும் பட்டு அமிலமாகும்போது, உலோகங்களும் கரைந்து உடன் செல்லக்கூடும்.

பாலாற்றின் கணக்கு

இதே மழைக்காகத்தான் நகரம் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது. சுரங்கக் குடியிருப்புகளுக்கு நீர் வழங்கிய பேத்தமங்கலா ஏரி பாலாற்றின் மீது அமைந்தது. அது நிரம்புவது அரிது. 2021 நவம்பரில் வங்கக் கடல் தாழ்வு மண்டலங்களால் பெய்த மழையில் நீண்ட இடைவெளிக்குப் பின் நிரம்பி வழிந்தது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. தங்கவயல் வட்டாரத்தின் ஐப்பசி மழை வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மக்களுக்கும் உரியது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளமும் இப்பருவத்தில் வந்ததே.

சயனைடு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பணி தொடங்கினால், பல ஆண்டு மழையில் இறுகிய மேற்பரப்பு உடைக்கப்படும். அடியில் இருக்கும் உலர்ந்த தூள் வெளிவரும். எனவே எவ்வளவு தங்கம் கிடைக்கும் என்பதோடு, எந்த மாதங்களில் தோண்டுவார்கள், ஆனி, ஆடிக் காற்றின்போது மேடுகளை நனைத்து வைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விகளும் தங்கவயலுக்கு முக்கியமானவை. குடிநீருக்கே புரட்டாசி மழையை எதிர்பார்க்கும் ஊர் இது.