எல்லாம் ‘கரண்ட்’ செய்த வேலை இல்லை

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர். 1969-ல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் நினைவாக, அங்குள்ள காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. சுற்றுவட்டாரத்து மக்கள் ‘கரண்ட் வைக்க’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பெறப் போவது அங்கேதான். மூளையில் வீரியமான கட்டி என்றால் வழக்கமாக 60 கிரே கதிர்வீச்சை 30 தவணையாகப் பிரித்து, வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கொடுப்பார்கள். மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் பக்கவிளைவுகளைப் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்கள். அவர்களோ எது வந்தாலும் கரண்ட் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறார்கள். காரணம் தப்பினால் கைவைத்தியமும் தப்பும்.

காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி. இது பெரும்பாலும் மூளை வீக்கம். கட்டியாலும் வரும், கதிர்வீச்சாலும் கூடும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது; உள்ளே வீங்கினால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். வீக்கத்தை வடியவைக்கத் தருவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. நல்ல மருந்து, ஆனால் சேட்டைக்கார மருந்து. அடங்காப் பசி, இரவில் தூக்கமின்மை, முகம் உப்புதல், சர்க்கரை ஏறுதல், வாயில் வெள்ளைப் படலம், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாத அளவுக்குத் தொடையில் பலவீனம்... இவையெல்லாம் மாத்திரையின் கைவரிசை. வெறும் வயிற்றில் தரக் கூடாது. இரண்டாவது வேளை மாத்திரையை இரவில் தராமல் மதியமே தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தூக்கம் கெடுவது குறையும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

‘முகம் வீங்குதே’ என்று பயந்து சட்டென நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. பல நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழலாம், மூளை வீக்கமும் திரும்பலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முடி கொட்டுவது மட்டும் சந்தேகமில்லாமல் கரண்டின் வேலை. இரண்டு மூன்று வாரத்தில், கதிர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் கொட்டும். பலருக்குச் சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். அதிக அளவு பட்ட இடத்தில் முளைக்காமலும் போகலாம். வேண்டுதல் மொட்டையைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள், சாமி கோபிக்காது. சவரக்கத்தி கீறினால் அந்தத் தோல் ஆறச் சிரமப்படும். தலை அசையாமலிருக்க முகத்தில் அச்செடுத்துப் போடும் முகமூடியும் மொட்டைத் தலையில் தளர்ந்துவிடும். மாத்திரையால் முகம் உப்பி அது இறுகினாலும் உடனே ஊழியரிடம் சொல்ல வேண்டும். எண்ணெய், மூலிகைப் பத்து எதையும் மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம்.

பாத்திரத்தைத் தனியாக வைப்பது, பேரப்பிள்ளையை அண்டவிடாமல் செய்வது தேவையே இல்லை. வெளியிலிருந்து பாய்ச்சும் இந்தக் கதிர், மெஷினை நிறுத்தியதும் போய்விடும். நோயாளியின் உடம்பில் தங்காது, ஒட்டாது.

சோர்வு வாரத்துக்கு வாரம் ஏறும். தினசரிப் பேருந்து அலைச்சல் அதைக் கூட்டும். மருத்துவமனையில் தங்க இடம் உண்டா என்று முதல் நாளே விசாரிப்பது நல்லது. சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துச் சிலருக்கு நாளெல்லாம் தூக்கமாக வரும். கட்டி திரும்பிவிட்டது என்று வீடே கலங்கும். அது பெரும்பாலும் தானாகச் சரியாகும் விளைவு. ஆனாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வலிப்பு மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். மருந்து வெளியேறியிருந்தால் வலிப்பு வரக்கூடும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.