அறுபத்தேழு மில்லிமீட்டர்

மாகறலுக்கு ரயில் கிடையாது. ரயிலடிக்குப் போக வேண்டுமானால் உத்திரமேரூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து, பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, ஓரிக்கை வழியாகக் காஞ்சிபுரம் போய்ச் சேர வேண்டும். பதினாறு கிலோமீட்டர் இருக்கும். சம்பந்தர் பாடிய கோயில் இருக்கிற ஊர் இது. தெற்கே செய்யாறு, வடக்கே பாலாறு என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கிறது.

ஆனால் ரயிலின் ஒரு துண்டு எங்கள் ஊருக்குள் இருக்கிறது. பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில், இரண்டு கருங்கல்லின் மேல் பெஞ்சாகப் போட்டிருக்கும் கட்டை அது. மீட்டர்கேஜ் பாதையைப் பெயர்த்தபோது வெளியே வந்த சிலீப்பர் கட்டை. மழையிலும் வெயிலிலும் கிடந்து கருத்துப்போயிருந்தாலும் இன்னும் உளுக்கவில்லை. இரண்டு முனைகளுக்கும் கொஞ்சம் உள்ளே, தண்டவாளம் உட்கார்ந்த இடத்தில் மரம் வழவழவென்று அழுந்தியிருக்கிறது. பக்கத்தில் ஆணி அடித்த ஓட்டைகள், அவற்றைச் சுற்றித் துருக்கறை. கட்டையின் நீளம் 1.8 மீட்டர். அழுத்தத்தின் நடுவிலிருந்து அடுத்த அழுத்தத்தின் நடுவுக்கு டேப் பிடித்தால் ஒரு மீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர் போலக் கூடுதலாக வரும். பாதையின் அகலத்தைத் தண்டவாளத் தலைகளின் உள்பக்கத்துக்கு உள்பக்கம்தான் அளப்பார்கள். தலையின் பருமனைக் கழித்துவிட்டால் கச்சிதமாக ஒரு மீட்டர்.

காஞ்சிபுரம் பாதை முதலில் போடப்பட்டபோது அந்த அகலம் ஒரு மீட்டர் இல்லை. இப்போதும் இல்லை. அரக்கோணத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஓடும் இந்த அறுபது சொச்சம் கிலோமீட்டர் பாதையில் ஒரு பகுதி, தன் வாழ்நாளில் மூன்று அகலங்களைப் பார்த்திருக்கிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட பாதை அபூர்வம்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம். கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுசி பிரபு ஆறடி கேட்டார். லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் இங்கிலாந்தில் உள்ள 4 அடி எட்டரை அங்குலமே போதும் என்றார்கள். பொறியாளர் சிம்ஸ் சொன்ன ஐந்தரை அடி நின்றது. அந்தப் பாதை அரக்கோணம் வழியாகப் போனது. கோயிலும் நெசவும் சந்தையுமாக இருந்த காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டருக்குள் தெற்கே இருந்தும் விட்டுப்போனது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது இந்தியன் டிராம்வே கம்பெனி. சென்னையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பாதைகள் போடுவதற்காக 1862இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அரக்கோணம்-காஞ்சிபுரம் பாதையை 1865இல் திறந்தது. அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1,067 மில்லிமீட்டர். பாதை ஒடுங்க ஒடுங்கக் கட்டை குட்டையாகிறது, கரையின் அகலம் குறைகிறது, பாலம் இளைக்கிறது, வளைவைச் சுருக்கிப் போடலாம். செலவு இறங்கும்.

வளைவு விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அகலத்தின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரங்கள் இரண்டும் அச்சில் தனித்தனியாகச் சுழலும். கடையாணி கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். தெருமுனையில் வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்றிக்கொள்ளும். ரயிலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இரண்டு சக்கரங்களையும் அச்சோடு இறுக்கி ஒரே உடம்பாகச் செய்திருக்கிறார்கள். ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரே ஒரு சுற்றுதான். ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள்தண்டவாளம் குட்டை. எவ்வளவு வித்தியாசம்? அழகான கணக்கு இது. பாதை ஒரு முழுக் கால்வட்டம் திரும்புகிறது என்றால், அகலப் பாதையில் வெளித் தண்டவாளம் 2.63 மீட்டர் அதிகம். 1,067 மில்லிமீட்டர் பாதையில் 1.68 மீட்டர் அதிகம். வளைவு ஒரு கிலோமீட்டர் ஆரமாக இருந்தாலும் சரி, நூறு மீட்டராக இருந்தாலும் சரி, இந்த வித்தியாசம் மாறாது. எத்தனை பாகை திரும்புகிறது, பாதை எவ்வளவு அகலம், இந்த இரண்டை மட்டுமே பொறுத்தது. வளைவு குறுகலாக இருந்தால் அதே வித்தியாசத்தைக் குறைந்த தூரத்துக்குள் ஈடுகட்ட வேண்டும். ஒடுங்கிய பாதையில் ஈடுகட்ட வேண்டியதே குறைவு. அதனால்தான் அது சட்டென்று வளைய முடிகிறது.

சரி, இறுக்கிப் பூட்டிய சக்கரம் அந்த வித்தியாசத்தை எப்படி ஈடுகட்டுகிறது? இதைப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்கலாம். டீக்கடைப் பேப்பர் கப் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். நடுவில் பருத்து, இரண்டு பக்கமும் இளைத்த ஓர் உருளை கிடைக்கும். நீளமான இரண்டு மூங்கில் குச்சிகளை இணையாகச் சரித்து வைத்து அதன் மேல் உருட்டிவிடுங்கள். கோணலாக வைத்தாலும் தள்ளாடித் தள்ளாடி நடுவுக்கு வந்து நேராக ஓடும். இப்போது கப்புகளைப் பிரித்து அடியோடு அடி ஒட்டி உருட்டுங்கள். கொஞ்சம் விலகினாலும் விலகிக்கொண்டே போய்க் கீழே விழும். 

ரயில் சக்கரம் முதல் வகை. உள்பக்கம் பருத்து, வெளிப்பக்கம் இளைத்திருக்கும். வழக்கமான சரிவு இருபதுக்கு ஒன்று. வளைவில் சக்கரச் சோடி லேசாக வெளிப்பக்கம் ஒதுங்கும். அப்போது வெளித் தண்டவாளத்தில் சக்கரத்தின் பருத்த பாகம் படுகிறது, உள்தண்டவாளத்தில் இளைத்த பாகம் படுகிறது. ஒரே சுற்றில் ஒரு பக்கம் கூடுதல் தூரமும் மறுபக்கம் குறைந்த தூரமும் உருளும். ஸ்டியரிங் இல்லாத வண்டி தானாகத் திரும்பிக்கொள்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் துருத்தி நிற்கும் விளிம்புதான் வண்டியைத் திருப்புகிறது என்று பலரும் நினைக்கிறோம். அது மிஞ்சிப்போனால் தடுக்கிற காவல். கையைப் பிடித்து நடத்துவது அந்தச் சரிவு. இத்தனை எளிமையாக ஒரு காரியத்தை முடித்த மனித மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

காஞ்சிபுரத்துக்கு வருவோம். டிராம்வே கம்பெனி மலிவாகப் பாதை போட்டுவிட்டது. தொல்லை அரக்கோணத்தில் தொடங்கியது. காஞ்சியிலிருந்து வந்த மூட்டை அங்கே ஐந்தரை அடிப் பாதையைச் சந்திக்கும். சின்ன வண்டி பெரிய பாதையில் ஏறாது, பெரிய வண்டி சின்னப் பாதையில் இறங்காது. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கூலி, நேரம், சிதறல் எல்லாம் இரட்டிப்பு. முப்பது கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு பாதைக்கு இது பெரிய பாரம்.

இதற்கிடையில் மேலிடத்தில் வேறொரு விவாதம். அகலப் பாதை கட்டுப்படியாகவில்லை. மற்ற ஊர்களுக்கு ஒடுங்கிய பாதை போடலாம் என்று முடிவாகி, எவ்வளவு ஒடுக்கம் என்று பேச்சு நடந்தது. 3 அடி 6 அங்குலம் என்றார்கள் சிலர். 2 அடி 9 அங்குலமே போதும் என்றார்கள் வேறு சிலர். வைஸ்ராயாக இருந்த மேயோ பிரபு நடுவில் வந்து நின்றார். இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவுக்கு மாறிவிடும் என்று அன்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதனால் அகலம் சரியாக ஒரு மீட்டர் என்று 1870 வாக்கில் முடிவானது. அந்த நம்பிக்கை நிறைவேற எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது; மெட்ரிக் எடை அளவுச் சட்டம் வந்தது 1956இல். அதுவரை காஞ்சித் தறியில் புடவையைக் கஜத்தில்தான் அளந்தார்கள். இன்றைக்கும் ஒன்பது கஜம் என்றுதான் சொல்கிறோம். ஊருக்கு வெளியே தரையில் கிடந்த இரும்பு மட்டும் மீட்டரில் இருந்தது. எங்கள் வட்டாரத்துக்கு மீட்டர் என்ற அளவு முதலில் வந்தது ரயில் ஏறித்தான்.

காஞ்சிப் பாதையின் அகலம் 1,067. புதிய அளவு 1,000. வித்தியாசம் 67 மில்லிமீட்டர். கையை நீட்டி, கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரல்களைச் சேர்த்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் ரயிலுக்கு அது பெரிய ஆறு. 1,067க்குச் செய்த சக்கரச் சோடியை மீட்டர் பாதையில் வைத்தால் விளிம்புகள் தண்டவாளங்களுக்கு நடுவே இறங்காது, மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்.

டிராம்வே கம்பெனி பின்னர் கர்நாடிக் ரயில்வே ஆனது. நாகப்பட்டினம்-திருச்சி பாதையை நடத்திய கிரேட் சதர்ன் கம்பெனியோடு 1874இல் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே பிறந்தது. புதிய கம்பெனி தன் பாதைகளை மீட்டருக்கு மாற்றியது. நாகப்பட்டினம் பாதை அகலப் பாதை அளவிலிருந்து சுருங்கியது. காஞ்சிப் பாதை 1870களின் இறுதியில் நாலு விரற்கடை சுருங்கியது. அரக்கோணத்தில் மூட்டை மாற்றுகிற தொல்லை இதனால் தீரவில்லை, அங்கே ஐந்தரை அடி அப்படியேதான் இருந்தது. பிறகு எதற்கு மாற்றினார்கள்? பதில் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே புதிய மீட்டர் பாதை போய்க்கொண்டிருந்தது. 1880களின் தொடக்கத்தில் காஞ்சிப் பாதையை வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் வழியாகச் செங்கல்பட்டு வரை நீட்டி அதோடு இணைத்தார்கள். அதுவரை வடக்கே பார்த்துக்கொண்டிருந்த காஞ்சிபுரம் அன்றோடு தெற்கே திரும்பிவிட்டது. காஞ்சியில் ஏறிய சரக்கு வண்டி மாறாமல் விழுப்புரம், தஞ்சாவூர், மதுரை என்று போகலாம். நூறு வருஷத்துக்கு மேல் அதுதான் நிலைமை. அந்த நாலு விரற்கடையை விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்தது ஒரு தென்னாடு.

காஞ்சி உதறிய 3 அடி 6 அங்குலம் ஒன்றும் மோசமான அளவு அல்ல. ஜப்பான் 1872இல் அதே அளவில்தான் முதல் ரயிலை விட்டது. அங்கே சாதாரண ரயில்கள் பெரும்பாலும் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. ஓர் அகலம் நல்லதா கெட்டதா என்பதைப் பக்கத்துப் பாதையின் அகலம்தான் தீர்மானிக்கிறது.

செங்கல்பட்டுக்கு நீட்டிய பகுதியை வரைபடத்தில் பார்த்தால் எங்கள் ஊரின் கதையும் புரிந்துவிடும். காஞ்சி, வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர், செங்கல்பட்டு, எல்லாமே பாலாற்றின் வடகரை. பாதை ஓரிடத்தில்கூடப் பாலாற்றைத் தாண்டவில்லை. இரும்பின் மேல் இரும்பு உருள்வதால் சமதரையில் ஒரு டன்னை இழுக்க இரண்டு மூன்று கிலோ விசை போதும். ஆனால் இருநூறு அடிக்கு ஓரடி ஏற்றம் வந்தாலே டன்னுக்கு ஐந்து கிலோ விசை கூடுதலாக வேண்டும். கண்ணுக்கே தெரியாத மேடு ரயிலுக்கு மலை. ஆற்றங்கரையில் அந்தக் கவலை குறைவு. காலகாலமாக ஓடிய தண்ணீர் அங்கே மட்டம் பார்த்து வைத்திருக்கிறது. ஆற்றோடு போவது லாபம், ஆற்றைக் கடப்பது செலவு. பாலாறு அகன்ற மணல் ஆறு, அதில் தூண் நிறுத்தக் கிணறு மாதிரி ஆழமாக இறக்க வேண்டும். காஞ்சியிலிருந்து நேராக உத்திரமேரூர் போவதானால் பாலாறு, பிறகு செய்யாறு என்று இரண்டு தடவை அந்தச் செலவு. குடவோலை கண்ட உத்திரமேரூரும் எங்கள் மாகறலும் தென்பக்கத்தில் தங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

பழையசீவரம் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறீர்களா? நரசிம்மர் குன்று ஒரு பக்கம். மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருள்வது இங்கேதான். எதிர்க்கரை திருமுக்கூடல், பாலாறும் வேகவதியும் எங்கள் செய்யாறும் கூடுகிற இடம். மாகறல் கரையைத் தொட்டு வந்த தண்ணீர் முதலில் ரயிலின் பக்கத்தில் வருவது அங்கேதான்.

மூன்றாவது அகலத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், நம்மில் பலர் பார்த்தது. 1992இல் எல்லாப் பாதையும் ஒரே அகலம் என்ற திட்டம் தொடங்கியது. 1990களின் இறுதியிலும் அடுத்த சில வருஷங்களிலும் இந்தப் பாதை 1,676க்கு விரிந்தது. இந்தத் தடவை விரற்கடைக் கணக்கு இல்லை. 676 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டேகால் அடி. பழைய கட்டைக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. புதுக் கட்டைக்கு 2.75 மீட்டர் நீளம் வேண்டும். கரையை அகலப்படுத்தி, பாலங்களை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார்கள். பெரியப்பா வீட்டு பெஞ்ச் அப்படி வெளியே வந்ததுதான்.

பிறகு மின்கம்பி வந்தது, கடற்கரையிலிருந்து திருமால்பூர் வரை மின்ரயில் வந்தது. 2019 ஏப்ரலில் சென்னை கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், மீண்டும் கடற்கரை என்று வட்ட ரயில் தொடங்கியது. 1865இல் வடக்கே மட்டும் பார்த்த ஊர், பிறகு தெற்கே மட்டும் திரும்பிய ஊர், இப்போது இரண்டு பக்கமும் முகம் வைத்திருக்கிறது. பெரியம்மாவைச் சென்னைக்கு அழைத்துப்போனபோது, டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "இது எந்தப் பக்கமா போற வண்டிப்பா, அரக்கோணமா, செங்கல்பட்டா?"