கொல்லையில் மீன் குட்டை: 5 செண்டில் வீட்டுக்கு வேண்டிய மீன்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். ஏரி நிரம்பிய ஆண்டில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஏரி வற்றிய ஆண்டில் சந்தை மீன்தான் கதி. கொல்லையிலோ, கழனி மூலையிலோ 5 செண்டு இடமும் கிணற்றுத் தண்ணீரும் உள்ளவர்கள் வீட்டுத் தேவைக்கான மீனைத் தாங்களே வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் குட்டை வெட்டக் கூலி கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மண் தண்ணீரைப் பிடித்து வைக்குமா? குட்டையில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும்?

மண் சோதனை

குட்டைக்கு நினைத்த இடத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். காலையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். மாலைக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். மறுபடி நிரப்பி, மேலே ஓலை போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் பெரும்பகுதித் தண்ணீர் நின்றால் அந்த இடம் குட்டைக்கு ஏற்றது. அடியோடு வற்றியிருந்தால் வெட்ட வேண்டாம். பாலாற்றங்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களில் பெரும்பாலும் தண்ணீர் நிற்காது. அங்கே களிமண் பூசவோ, தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போடவோ ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

தண்ணீர் குறைந்தது 8 மாதமாவது நிற்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசியில் நிரம்பும் குட்டை, வைகாசி முடியும் வரை 4 அடித் தண்ணீருடன் இருந்தால் போதும். மாசியிலேயே வற்றிவிடும் என்றால் மீன் வளர முடியாது; முதலும் திரும்பாது.

வெட்டும் முறை

சித்திரை, வைகாசியில் வெட்டுவது நல்லது. 60 அடி நீளம், 36 அடி அகலம் என்றால் ஏறக்குறைய 5 செண்டு ஆகும். 4 அடி ஆழம் வெட்டி, அந்த மண்ணையே நாலு பக்கமும் கரையாகப் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தினால் 5 அடித் தண்ணீர் நிறுத்தலாம். கரையைச் செங்குத்தாக விடாமல் சரிவாக அமைக்க வேண்டும். அடைமழையில் குட்டை வழிந்தால் மீன் முழுவதும் பக்கத்து வயலுக்குப் போய்விடும். ஆகவே வழிந்தோட ஒரு குழாய் வைத்து, அதன் வாயில் சிறுகண் வலை கட்டுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் சுற்றிலும் வேலி கட்டாயம் வேண்டும்.

காஞ்சி நகரையும் நெசவாளர் தெருக்களையும் ஒட்டி இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டு நூலைப் பசை நீக்க வேகவைத்த சோப்பு, சோடாத் தண்ணீரும், சாயம் அலசிய தண்ணீரும் ஓடும் வாய்க்காலிலிருந்து குட்டைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரக்கூடாது. பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிநீரும் அப்படியே. மீன் செத்தால் நஷ்டம் ஓர் ஆண்டோடு போகும். சாகாமல் வளர்ந்தால் அதைத் தின்பது நம் பிள்ளைகள்.

சுண்ணாம்பும் சாணமும்

புதுக் குட்டையில் செண்டுக்கு 1 கிலோ வீதம் 5 கிலோ சுண்ணாம்பைத் தூவி, ஒரு வாரம் கழித்து 50 கிலோ சாணத்தைக் கரைத்து விட வேண்டும். பிறகு மாதம் 20 கிலோ சாணம் போதும். சாணம் நேராக மீனுக்குத் தீனி அல்ல. அதனால் தண்ணீரில் நுண்ணுயிர்கள் பெருகும். மீன் அவற்றைத் தின்று வளரும்.

சாணம் போதுமா என்பதைக் கையாலேயே பார்க்கலாம். முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் அளவு சரி. அப்போதும் பளிச்சென்று தெரிந்தால் சாணம் போடலாம். பாதிக் கை இறங்குவதற்குள் மறைந்தால் சாணத்தை நிறுத்த வேண்டும்.

பழைய குட்டையாக இருந்தால் விரால், கெளுத்தி போன்றவை சேற்றில் பதுங்கியிருந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். முழுதும் வற்றவைத்துக் காயவிடுங்கள். முடியாவிட்டால் செண்டுக்கு 10 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து விடுங்கள். அதன் நஞ்சு மூன்று வாரத்தில் நீங்கி, பிண்ணாக்கு உரமாகிவிடும். அதன் பிறகே குஞ்சு விட வேண்டும்.

எந்த மீன், எத்தனை?

முன்பு கெண்டைக் குஞ்சுகளை வெள்ளம் வரும் ஆறுகளில்தான் பிடித்து வந்தார்கள். 1957-ல் டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஒரிசாவில் ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அதன் பயனாகத்தான் இன்று பண்ணைகளில் குஞ்சு கிடைக்கிறது.

5 செண்டுக்கு 100 குஞ்சுகள் போதும். கட்லா 35, ரோகு 35, மிர்கால் 20, புல்கெண்டை 10 என்று கலந்து விடலாம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். ஒன்றின் தீனிக்கு மற்றொன்று போட்டியாகாது. புல்கெண்டை கழித்துப் போட்ட கீரையையும் புல்லையும் தின்னும். நான்கு அங்குலக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். ஜிலேபிக் கெண்டையைக் கலக்க வேண்டாம். அது முட்டையிட்டுப் பெருகி, எல்லா மீனையும் சிறுக்க வைத்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க நம் நாட்டில் தடை உள்ளது.

குஞ்சுப் பையைக் குட்டையில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பிறகு, குஞ்சுகளைத் தாமாக நீந்திப் போகவிட வேண்டும். அவசரமாகக் கொட்டினால் அதிர்ச்சியில் சாகும்.

தீனியும் கவனிப்பும்

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் பிசைந்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கொடுங்கள். மீன் 100 கிராம் எடை வந்ததும் நாளைக்கு கால் கிலோ, அரைக் கிலோ எடை வந்ததும் 1 கிலோ என்பது ஒரு கணக்கு. மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ஊர்களில் கூட்டுப்புழுவை மீனுக்குப் போடுவார்கள். காஞ்சிக்கு நூலாகவே வந்துவிடுவதால் இங்கே அதை எதிர்பார்க்க முடியாது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். பகலில் பிராணவாயு தரும் பச்சைப் பாசி இரவில் தானும் அதையே சுவாசிக்கிறது. உடனே கிணற்றுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி இறையுங்கள். சாணத்தையும் தீனியையும் சில நாள் நிறுத்துங்கள். மப்பும் மந்தாரமுமான நாட்களில் இரண்டையும் போடவே வேண்டாம்.

வரவு என்ன?

100 குஞ்சில் 70 முதல் 80 வரை தேறும். எட்டுப் பத்து மாதத்தில் ஒவ்வொன்றும் அரைக் கிலோவும் அதற்கு மேலும் வரும். மொத்தம் 40 கிலோ என்று வையுங்கள். வாரம் ஏறக்குறைய ஒரு கிலோ. இது தொழில் அல்ல, வீட்டுச் சாப்பாட்டுக்கு வழி. பெரிய மீனை முதலில் பிடித்தால் மிச்சம் வேகமாக வளரும்.

கரையில் வாழை, முருங்கை, கீரை வைக்கலாம். குட்டைத் தண்ணீரே அவற்றுக்கு உரம். மீன் விரல் நீளத்தைத் தாண்டி நன்றாக வளர்ந்த பிறகு ஐந்தாறு வாத்துகள் விட்டால் முட்டையும் கிடைக்கும், எச்சம் உரமுமாகும். சாணத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். வற்றிய பின் அடிவண்டலை அள்ளிக் கழனியில் போடுங்கள்.

குஞ்சு வாங்கவும் யோசனை கேட்கவும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகலாம். செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டறியலாம். முதலில் அந்தச் சோதனைக் குழியை எடுத்துப் பாருங்கள். அதற்கு அரை நாள் உழைப்புதான் செலவு.