உஷார்! சிலிக்கன் பூசிக் கட்டிய எஞ்சினை நம்பிப் பண்ணைப் பாலம் ஏறாதீர்கள்

எஞ்சினைக் கழற்றிச் செய்து முடித்த கையோடு காரை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலம் வழியே ஊர்காவற்றுறைக்கோ குறிகட்டுவானுக்கோ புறப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். குனிந்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பும் புளொக்கும் சேரும் விளிம்பைப் பாருங்கள். சிலிக்கன் பசை சுண்டுவிரல் தடிப்பில் வெளியே பிதுங்கி நிற்கிறதா? அப்படியென்றால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கி நிற்கிறது. வெளியே நிற்பதால் கெடுதல் இல்லை. உள்ளே நிற்பது சூட்டு ஒயிலில் ஊறி, துண்டு துண்டாகக் கழன்று, ஒயில் பம்ப் உறிஞ்சும் வலைவடியில் போய் ஒட்டிக்கொள்ளும். வலை அடைபட்டால் பம்புக்கு ஒயில் இல்லை, பெயரிங்குக்கும் இல்லை.

நான் இதை அனுபவித்தே எழுதுகிறேன். என்னுடைய மொறிஸ் மைனரின் எஞ்சினை ஒரு கராஜில் கொடுத்துக் கட்டுவித்தேன். கீழே ஒரு சொட்டு விழவில்லை. பெருமையாக இருந்தது. மூன்றாவது கிழமை, அல்லைப்பிட்டி தாண்டி வேலணைப் பக்கம் போகும்போது ஒயில் விளக்கு மினுங்கியது. வளைவில் திரும்பினால் எரிகிறது, நேரே போனால் அணைகிறது. வீடு கிட்டத்தானே என்று ஓட்டினேன். அதுதான் நான் செய்த பிழை. பிறகு சம்பைக் கழற்றியபோது வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் புழுப் புழுவாகச் சிலிக்கன். கிராங்கில் பெருவிரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல்.

ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். பாலத்தின் நடுவில், இரு பக்கமும் கடல், நிழலுக்கு ஒரு மரமில்லை, பிள்ளைகள் காரில் இருக்கிறார்கள் என்றாலும் நிறுத்துங்கள். கட்டி இழுத்து வரும் செலவு பெரிதல்ல. கிராங்கைக் கடைந்து புதுப் பெயரிங் போடும் செலவுதான் பெரிது. அதுவும் பழைய காருக்கு அளவான பெயரிங் கிடைத்தால்தான்.

பழைய கார்கள் இன்னும் இவ்வளவு ஓடுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. இடையில் பலரும் வீட்டில் நின்ற பழைய காரையே திரும்பவும் ஓட வைத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு இது புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும்தான் நோயாளியையும் கர்ப்பிணியையும் சுமந்தன. அழுத்தம் குறைந்த எஞ்சின்களாக இருந்தபடியால் அவை தாக்குப்பிடித்தன. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கி, ஒயிலை நீர்க்கச் செய்தது. அன்று தேய்ந்த தேய்வு சில எஞ்சின்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. அந்தத் தேய்வின் மேல்தான் சிலிக்கன் பூசுகிறார்கள்.

மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952க்குப் பிறகு அதில் வந்த ஏ-சீரிஸ் எஞ்சினின் பின்பக்கத்தில், பிளைவீல் பக்கம், இன்றைய கார்களில் இருப்பது போன்ற றப்பர் ஒயில் சீல் கிடையாது. கிராங்கிலேயே திருகு மரை போல ஒரு சுருள் வெட்டியிருக்கும். கிராங் சுற்றும்போது அந்த மரை ஒயிலை உள்ளே திருப்பித் தள்ளும். கிராங்குக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். பெயரிங் தேய்ந்து கிராங் ஆடத் தொடங்கினால் இடைவெளி அகலும், ஒயில் வரும். எந்தப் பசையும் இதற்கு மருந்தல்ல. “பின் சீல் மாற்றிவிட்டேன்” என்று யாராவது பழைய மைனருக்குப் பில் எழுதித் தந்தால், எந்தச் சீல் என்று கேளுங்கள்.

இதைவிட ஆபத்தான வேலை ஒன்றையும் பார்த்திருக்கிறேன். கியர்பொக்ஸ் கூட்டின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் தொங்கும் ஒரு பிளவு ஊசியும் இருக்கும். கசியும் ஒயில் கிளச்சில் படாமல் வெளியே போகத்தான் அந்தத் துளை. ஊசி ஆடி ஆடித் துளையை அடைபடாமல் வைத்திருக்கும். சொட்டு விழுகிறது என்று அந்தத் துளையைப் பசையால் அடைத்துவிடுகிறார்கள். தரை சுத்தம். உள்ளே கிளச் பிளேட் ஒயிலில் குளிக்கிறது. நாலு பேரும் சாமான்களும் ஏறியபின் கிளச் வழுக்கினால் எஞ்சின் கத்தும், கார் நகராது. நயினாதீவுத் திருவிழாக் காலத்தில், குறிகட்டுவான் வீதியில் பின்னால் பஸ் வரிசை நிற்கும்போது இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?

முன்பக்கம் டைமிங் மூடி. ஆரம்பகால மைனர்களில் அதில் கம்பளிச் சீல், பிந்தியவற்றில் றப்பர். மூடியும் அதன் பின்னாலுள்ள ஒயில் எறியும் தட்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமான சோடி. ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலந்து போட்டால் ஒழுகும். போல்ட்டுகளை இறுக்குமுன் கிராங் கப்பியைச் செருகி, மூடி நடுவில் உட்காருகிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்ட எஞ்சின்கள் எத்தனை!

எல்லாக் காருக்கும் பொதுவான சங்கதி மூச்சுக்குழாய். எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேறும் வழி அது. தூசியும் கரியும் அடைத்தால் அழுத்தம் வேறு வழி தேடும். எந்த மூட்டு பலவீனமோ அதன் வழியே ஒயிலைத் தள்ளும். காஸ்கட்டைப் பத்துமுறை மாற்றினாலும் லீக் நிற்காததற்குப் பல இடங்களில் இதுவே காரணம். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை புகையாக ஊதினால் ரிங் போய்விட்டது. காஸ்கட்டின் குற்றமல்ல.

சம்பின் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு மேலே இழுபட்டு நிற்கும், யாரோ முன்பு முரட்டுத்தனமாக இறுக்கியதால். அதைச் சமதளக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நேராக்காமல் பூட்டினால் புதுக் காஸ்கட்டும் ஒழுகும். பழைய காஸ்கட்டைச் சுரண்டி, ஒயில் பசை போகத் துடைத்து, காய்ந்த பிறகே புதியதை வையுங்கள். பசை தேவைப்படும் மூலைகளில் மட்டும் மெல்லிய கோடு போதும். ஜப்பான் கார்களின் றப்பர் சீலை, உதட்டுக்கு ஒயில் தடவாமல் உலர்வாகச் செருகினால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். கிராங்கில் பழைய சீல் அரைத்த பள்ளம் இருந்தால், புதுச் சீலைச் சற்று முன்பின் தள்ளிப் பதிக்க வேண்டும்.

இத்தனை கவலை எதற்கு, நாலு சொட்டுத்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் தீவுகள் சுண்ணாம்புக் கல். மண் மெல்லியது. கிணற்றில் நாம் அள்ளும் நன்னீர், கடல்நீரின் மேல் வில்லை போல மிதந்து நிற்கும் மழைநீர். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே மேலே ஊற்றியது கீழே போகும், வடிகட்டாமலே போகும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவால் கிணறுகள் கெட்டதை மறந்துவிட்டோமா? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பணம் வந்தாலும் அந்தக் கிணறுகளுக்கு அது மருந்தாகுமா? நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நடந்த தூரம் நமக்குத் தெரியும். மைனரின் சம்பில் மூன்றரை லீற்றருக்கு மேல் ஒயில் இருக்கிறது. எஞ்சின் கட்டும்போது அதை முற்றத்தில் ஊற்றாதீர்கள், வேலியோரத்தில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கானில் பிடித்து, கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

எஞ்சின் கட்டக் கொடுத்திருப்பவர்களே, சம்ப் பூட்டும் நாளை மெக்கானிக்கிடம் கேட்டு வைத்து, அன்று நேரில் போய் நில்லுங்கள். “அண்ணை, பூட்டமுதல் வலையை ஒருக்கால் காட்டுங்கோ, பசையைக் குறைச்சுப் பூசுங்கோ” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த இரவு காருக்கடியில் பழைய பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் எந்த இடத்திலிருந்து என்று கண்டுபிடிக்கும்வரை பாலம் ஏறாதீர்கள்.