ஆக்சிஜனோடு சமாதானம்

சிங்கப்பூரின் கிராஞ்சி, சுங்கை காடுட் வட்டாரப் பட்டறைகளில் வெல்டிங் செய்யும் நம் ஊழியர்களுக்கு ஆர்கான் வாயு பழகியதுதான். ஆனால் டைட்டானியத்தைப் பற்றவைக்கும்போது முன்பக்கம் மட்டும் வாயு அடித்தால் போதாது. பின்பக்கத்தையும் மூட வேண்டும், சூடு தணியும்வரை எடுக்கக் கூடாது. பற்றிய இடம் வெள்ளிபோல் மின்னினால் வேலை சுத்தம். வைக்கோல் நிறமென்றால் லேசாகக் காற்றுப் பட்டிருக்கிறது. நீலம் சந்தேகத்துக்குரியது; சாம்பல் பூத்துவிட்டால் வெட்டிப் போட வேண்டியதுதான். சூடான டைட்டானியம் ஆக்சிஜனை உறிஞ்சும். உறிஞ்சியது அளவை மீறினால் உலோகம் கடினமாகி, எளிதில் விரிசல் விடும்.

டைட்டானியத்தின் அதிக விலைக்கும் இதே ஆக்சிஜன்தான் முக்கியக் காரணம். தாதுவுக்குப் பஞ்சமில்லை, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலேயே இல்மனைட் இருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. உலோகவியலாளர் வில்லியம் குரோல் 1940களில் தந்த முறைப்படி, தாதுவைக் குளோரினால் திரவச் சேர்மமாக்கி, உருகிய மெக்னீசியத்தோடு வினைபுரிய வைக்கிறார்கள். ஓர் உலை வேலை முடிய நாள்கணக்காகும். கிடைப்பது நுரைக்கல் போன்ற ‘ஸ்பாஞ்ச்’. கேரளத்தின் சவராவில் 2011இல் தொடங்கிய ஆலை தயாரிப்பது இதைத்தான்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதைக் கடைந்து சுருள் சுருளாக வீணாக்க யாருக்கும் மனம் வராது. சிலேத்தாரில் 2012இல் திறக்கப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் வளாகம் விமான எஞ்சின்களுக்கு உள்ளீடற்ற டைட்டானிய விசிறித் தகடுகளைச் செய்கிறது. இத்தகைய தகட்டுக்கு மூன்று தாள்களைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்குவார்கள். சில இடங்கள் ஒட்டாதபடி முன்பே பூச்சு இடப்பட்டிருக்கும். பிறகு 900 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆர்கானைச் செலுத்தினால் அந்த இடங்கள் உப்பி, நடுத்தாள் உள்தாங்கியாக இழுபடும்.

உலோகக்கலவையிலும் மாற்றம் வருகிறது. அதிகம் பயன்படும் கலவையில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் உண்டு. வனேடியம் விலை அதிகம். 2023இல் ‘நேச்சர்’ இதழில் ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி, சிட்னி பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட குழு, அலுமினியமும் வனேடியமும் இல்லாமல் இரும்பையும் 1 விழுக்காட்டுக்குக் குறைவான ஆக்சிஜனையும் சேர்த்து, உறுதியும் நெகிழ்வும் கொண்ட கலவையைக் காட்டியது. பெரிய கட்டியாக வார்த்தால் இரும்பு ஓரிடத்தில் திரண்டுவிடும். லேசரால் பொடியை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும்போது உலோகம் விரைந்து குளிர்வதால் அது திரள நேரமில்லை. ஆக்சிஜன் மிகுந்ததால் கழிக்கப்படும் ஸ்பாஞ்சும் இதற்கு உதவலாம்.

ஆனாலும் அச்சிடும் பொடியைத் தயாரிப்பதே செலவுள்ள வேலை. விமானத்தில் ஏறுமுன் திரும்பத் திரும்ப விசை தாங்கும் களைப்புச் சோதனையும் தேறியாக வேண்டும். டைட்டானியம் மலிவதற்கு, எவ்வளவு ஆக்சிஜனைத் துரத்துவது என்பதோடு எவ்வளவை வைத்துக்கொள்வது என்ற கணக்கும் இனி வேண்டும்.